முந்தின இரவே ஊறிய கோழி



கோழிக்கறியில் யாராவது ஒரு கைப்பிடி உலர்ந்த பழத்தைப் போட்டு, மேலே நாட்டுச் சர்க்கரையையும் தூவினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? “கறியில போய் இனிப்பா?” என்றுதான் கேட்பீர்கள். நம் பக்கம் கோழி என்றால் மிளகு, மிளகாய், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் தேங்காய். இத்தனைக்கும் இனிப்பும் புளிப்பும் சேர்வது நமக்குப் புதிதல்ல. வத்தக்குழம்பை இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுகிற வீடுகள் நம் குடியிருப்பிலேயே நிறைய உண்டு. மாங்காய்ப் பச்சடியில் இரண்டும் சண்டை போடாமல் குடியிருக்கின்றன. கறி என்று வந்தால் மட்டும் வெல்லத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் அப்படி இனிப்பும் புளிப்பும் உப்பும் கலந்த ஒரு கோழியின் கதையைப் பார்க்கலாம். பெயர் சிக்கன் மார்பேயா. அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சிலர் இதைச் சாப்பிட்டே இருப்பீர்கள். சைவம் சாப்பிடும் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது கோழியைப் பற்றிய கதை என்பதைவிட, வீட்டில் விருந்து என்றால் சமைக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பற்றிய கதை.

முதலில் அந்தக் கோழியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். துண்டு போட்ட கோழியோடு ஒரு முழுப் பூண்டை அரைத்துச் சேர்க்கிறார்கள். அதில் ஆலிவ் எண்ணெய், சிவப்பு ஒயினிலிருந்து எடுத்த வினிகர், உலர்ந்த ஓரிகானோ, பிரியாணி இலைக்கு உறவான பே இலை. பிறகு மூன்று விசித்திரமான பொருள்கள்: உலர்ந்த பிளம்ஸ் பழமான புரூன்ஸ், உப்புநீரில் ஊறிய பச்சை ஆலிவ் காய், கேப்பர் என்கிற ஒரு புதர்ச்செடியின் மலராத மொட்டு. எல்லாவற்றையும் பிசறி ஓர் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். மறுநாள் ஒரு பெரிய தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே பழுப்புச் சர்க்கரை தூவி, சுற்றிலும் வெள்ளை ஒயின் ஊற்றி ஓவனில் வைத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவ்வளவுதான் வேலை. அடுப்பருகே நின்று கிளற வேண்டியது எதுவுமில்லை. இடையில் ஓரிரு முறை தட்டிலுள்ள சாற்றைக் கரண்டியால் எடுத்துக் கோழி மேல் ஊற்றினால் போதும்.

இது பிறந்த இடம் நியூயார்க் நகரம். 1977. அந்த நகரத்துக்கு அது நல்ல காலம் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நகர நிர்வாகம் கடனில் மூழ்கித் திவாலாகும் விளிம்புக்குப் போய் மீண்டிருந்தது. 1977 ஜூலை 13 இரவு நகரமே இருண்டது. அந்த மின்வெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டில், மன்ஹாட்டனின் மேற்குப் புறத்தில் கொலம்பஸ் அவென்யூவில், இரண்டு பெண்கள் ஒரு சாப்பாட்டுக் கடையைத் திறந்தார்கள். நம் வீட்டு ஹால் அளவுகூட இல்லாத கடை. பெயர் ‘சில்வர் பேலட்’.

அந்த இருவரில் ஷீலா லூகின்ஸ் இரண்டு பெண் குழந்தைகளின் தாய். அதற்கு முன்பே தன் அடுக்குமாடி வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கும் தொழிலை நடத்திவந்தார். அந்தத் தொழிலுக்கு அவர் வைத்த பெயரில் ஒரு குறும்பு உண்டு: ‘அந்த இன்னொருத்தி’ என்று தமிழில் சொல்லலாம். தனியாக வாழும் ஆண்கள் வீட்டுக்கு விருந்தினரை அழைத்துவிட்டு விழிப்பார்கள்; இவர் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். இன்னொருவர் ஜூலி ரோஸோ. ஜவுளி, விளம்பரம் என்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒருவருக்குச் சமைக்கத் தெரியும், இன்னொருவருக்கு விற்கத் தெரியும். கடையில் அவர்கள் விற்ற முதல் கனமான பதார்த்தம் இந்தக் கோழிதான்.

1982ல் இருவரும் மைக்கேல் மெக்லாஃப்லின் என்பவருடன் சேர்ந்து ‘த சில்வர் பேலட் குக்புக்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார்கள். கோட்டோவியங்களை லூகின்ஸே வரைந்தார். அந்தப் புத்தகம் 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் எத்தனையோ பதார்த்தங்கள் இருந்தாலும், புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது மார்பேயாதான். 1980களில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் மேசையில் இது இருக்கும் என்று கேலி பேசும் அளவுக்குப் பரவியது.

ஏன் இது மட்டும்? ருசி ஒரு காரணம். ஆனால் ருசியான கோழிக்கு உலகில் பஞ்சமா? இன்னொரு காரணத்துக்கு வருவதற்கு முன், இந்த ருசி எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் பின்னால் போய், பாக்தாத் நகரில் இறங்க வேண்டும்.

பாரசீகத்தில் ‘சிக்பாஜ்’ என்று ஒரு கறி இருந்தது. ‘சிக்’ என்றால் வினிகர். ‘பாஜ்’ என்றால் குழம்பு. வினிகர்க் குழம்பு, அவ்வளவுதான் பெயருக்குப் பொருள். ஆறாம் நூற்றாண்டில் ஆண்ட குஸ்ரோ அனுஷிர்வான் என்ற பாரசீக மன்னருக்கு இது உயிர் என்று ஒரு கதை சொல்வார்கள். மன்னர் தம் சமையற்காரர்களைத் தனித்தனி அறையில் நிறுத்தி, அவரவருக்குத் தெரிந்ததில் மிகச் சிறந்ததைச் சமைக்கச் சொன்னாராம். எல்லோரும் கொண்டுவந்து வைத்தது சிக்பாஜ். கதை எவ்வளவு நிஜமோ, அந்தக் கறிக்கு இருந்த மவுசு நிஜம்.

762ல் அப்பாசிய கலீஃபாக்கள் பாக்தாதைக் கட்டியபோது பாரசீக ருசியும் அரண்மனைக்குள் குடிபுகுந்தது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு சையார் அல்-வர்ராக் என்பவர் தொகுத்த பெரிய சமையல் நூலிலும் சிக்பாஜ் இருக்கிறது. 1226ல் முகம்மது அல்-பாக்தாதி எழுதிய நூலிலும் இருக்கிறது. இந்த இரண்டாமவர் சுவையான மனிதர். உலகின் இன்பங்களை உணவு, பானம், உடை, காமம், வாசனை, இசை என்று ஆறாகப் பிரித்துவிட்டு, ஆறில் தலையாயது உணவே என்று முன்னுரையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மற்ற ஐந்தும் வயிறு நிறைந்த பிறகுதானே!

அவர் சொல்லும் முறை இப்படி: கொழுப்புள்ள இறைச்சியைப் பட்டையும் உப்பும் கொத்தமல்லியும் போட்டு வேகவைக்க வேண்டும். வெங்காயம், கேரட், கத்தரிக்காய் சேர வேண்டும். பிறகு வினிகரையும் பேரீச்சம்பழப் பாகையும் கலந்து ஊற்ற வேண்டும். பேரீச்சைக்குப் பதில் தேனும் ஆகலாம். புளிப்பும் இனிப்பும் சரிசமமாக நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நிறத்துக்குக் குங்குமப்பூ. மேலே பாதாம், திராட்சை, உலர்ந்த அத்திப்பழம். கடைசியில் பன்னீர் தெளித்து, தணலில் அடங்க விடுவது. வினிகர், உலர்ந்த பழம், இனிப்பு, கொழுப்பு என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மன்ஹாட்டன் கடையில் இருந்தவற்றில் பாதி இங்கேயே இருக்கிறது.

கலீஃபா அல்-முதவக்கிலைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கால்வாயைப் பார்த்த மாடத்தில் அவர் உட்கார்ந்திருந்தாராம். கீழே படகில் ஒரு மாலுமி தனக்காகச் சிக்பாஜ் கொதிக்க வைத்திருக்கிறான். மணம் மாடம் வரை ஏறிவிட்டது. (நம் லிஃப்டில் ஞாயிற்றுக்கிழமை ஏறுகிறவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும்.) அந்தப் பானையை அப்படியே மேலே கொண்டுவரச் சொன்ன கலீஃபா ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, பானை நிறையக் காசு போட்டுத் திருப்பி அனுப்பினாராம்.

அரண்மனைக் கறி மாலுமியின் படகில் எப்படி வந்தது? இங்கேதான் வினிகரின் வேலை தெரிகிறது. புளிப்பு மிகுந்த இடத்தில், உணவைக் கெடுக்கும் கிருமிகள் பெருகத் திணறும். நம் ஊறுகாயும், புளியோதரை ஊர்ப் பயணத்துக்குத் தாங்குவதும் இதே கணக்குதான். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் வினிகரில் வெந்த கறி மற்றக் கறிகளைவிட நாள் தாங்கும். ஆகவே கப்பலில் போகிறவனுக்கு அது ருசி மட்டுமல்ல, அவகாசம். இன்றைக்குச் சமைத்ததை நாளையும் சாப்பிடலாம் என்ற அவகாசம்.

அந்த அவகாசத்தோடு சிக்பாஜ் மேற்கே பயணப்பட்டது. 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் ஏதோ ஒரு பகுதியிலாவது முஸ்லிம் ஆட்சி இருந்தது. அரபுச் சொல் அங்கே உருமாறி ‘எஸ்கபேச்சே’ ஆயிற்று. கிறிஸ்தவர்களின் விரத நாள்களில் இறைச்சி கூடாது, மீன் கூடும் என்பதால், இறைச்சிக்குப் பதில் பொரித்த மீன் வினிகரில் இறங்கியது. பதினான்காம் நூற்றாண்டுக் கட்டலான் சமையல் நூலிலேயே மீன் எஸ்கபேச்சே வந்துவிட்டது. பிறகு ஸ்பெயின்காரர்களின் கப்பலில் ஏறி அது அமெரிக்கக் கண்டத்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போனது. மணிலாவில் இன்றும் பொரித்த மீன் மேல் வினிகரும் சர்க்கரையும் கலந்த சாற்றை ஊற்றி எஸ்கபேச்சே என்றே அழைக்கிறார்கள்.

நம் தேசத்துக்கும் இந்த ருசி இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, பாரசீகத்திலிருந்து குஜராத் கரைக்கு வந்த பார்சிகள் வழியாக. புளிப்பும் இனிப்பும் கலந்த ‘காட்டு-மீட்டு’ என்ற ருசிதான் அவர்கள் சமையலின் முதுகெலும்பு. வினிகரும் வெல்லமும் அவர்கள் சமையலறையில் அக்கம்பக்கத்துப் போத்தல்கள். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தோடு கறியை வேகவைத்து, மேலே மொறுமொறு உருளைக்கிழங்குக் குச்சிகளைக் குவித்துப் பரிமாறுவார்கள். மும்பையில் இருந்து வந்த குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்கும்.

இன்னொன்று, 1510ல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர் வழியாக. இறைச்சியை ஒயினிலும் பூண்டிலும் ஊறவைக்கும் ஒரு வழக்கம் அவர்களிடம் இருந்தது. ‘வின்யா த ஆல்யோஸ்’ என்பார்கள்; ஒயினும் பூண்டும் என்பதுதான் பொருள். கோவாவில் ஒயினுக்குப் பதில் தென்னங்கள்ளில் எடுத்த வினிகர் வந்தது, மிளகாய் சேர்ந்தது, பெயர் ‘விண்டாலு’ ஆயிற்று. பெயரில் ‘ஆலு’ இருக்கிறதே என்று உருளைக்கிழங்கைப் போட்டுக் கொடுக்கும் ஓட்டல்களை இனிமேல் நீங்கள் மன்னித்துவிடலாம். அந்த ‘ஆலு’ பூண்டு. கோவாவில் சில வீடுகளில் விண்டாலுவில் இன்றும் ஒரு சிட்டிகை சர்க்கரையோ வெல்லமோ விழும்.

எனவே, கறியில் இனிப்பைக் கண்டு நாம் முகம் சுளிப்பதுதான் இந்தக் கதையில் விதிவிலக்கு. உலகின் பாதிச் சமையலறைகளுக்கு அது பழக்கமான விஷயம்.

இப்போது அந்தப் பெயருக்கு வருவோம். மார்பேயா என்பது ஸ்பெயினின் தெற்குக் கடற்கரையில் உள்ள ஓர் ஊர். 1485 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. பழைய கோட்டைச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. நீண்ட காலம் அமைதியாகக் கிடந்த அந்த ஊரில் 1954ல் ஒரு இளவரசர் ‘மார்பேயா கிளப்’ என்ற விடுதியைத் திறந்தார். அதன்பின் பணக்காரர்களும் நடிகர்களும் போய் வெயில் காயும் இடமாக அது மாறியது. 1970களில் நியூயார்க்வாசியின் காதில் அந்தப் பெயர் விழுந்தால் கடல், வெயில், விடுமுறை என்று ஞாபகம் வரும். மார்பேயா ஊரில் போய் இந்தக் கோழியைக் கேட்டால் விழிப்பார்கள். நம் ஊரில் ‘செட்டிநாடு’ என்று பலகை போட்டு எதை வேண்டுமானாலும் விற்பதைப் போலத்தான். ஆனாலும் ஆலிவும் கேப்பரும் ஸ்பெயினுடையவை. கறியோடு புரூன்ஸ் சேர்ப்பது அதற்கு நேர் எதிர்க்கரையான மொராக்கோவின் வழக்கம். இரண்டு கரைக்கும் நடுவில் கடல் மிகக் குறுகிய இடம் வெறும் 14 கிலோமீட்டர்தான். பெயரை வைத்தவர்கள் திசையைத் தவறவிடவில்லை.

புரூன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் அதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு: வயதானவர்கள் மலச்சிக்கலுக்குச் சாப்பிடுவது. அந்தப் பெயரைக் கழுவுவதற்காக 2000ல் கலிஃபோர்னிய உற்பத்தியாளர்கள் அரசிடம் அனுமதி வாங்கி, டப்பாவின் மேல் ‘உலர்ந்த பிளம்ஸ்’ என்று அச்சிட ஆரம்பித்தார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கோடா என்று நீங்கள் வாங்குவது இதற்குப் பங்காளி. அத்தனை கேலிக்கு ஆளான பழத்தை விருந்து மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்ததற்கு அந்த இரண்டு பெண்களுக்குத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

இனி, விட்டுவைத்த அந்த இன்னொரு காரணம்.

அமெரிக்கப் பெண்களில் வேலைக்குப் போகிறவர்களும் வேலை தேடுகிறவர்களுமாகச் சேர்ந்து 1970ல் 43.3 சதவீதம். 1980ல் அது 51.5 சதவீதம். அந்தப் பத்தாண்டில்தான் பாதியைத் தாண்டியது. அதற்கு முந்தைய தலைமுறையின் விருந்து இலக்கணம் வேறு. பிரெஞ்சுச் சமையலைப் பார்த்துப் பழகி, வெண்ணெயும் மாவும் க்ரீமும் சேர்த்துக் கடைசி நிமிடத்தில் சாஸ் கிளறி, சூடு ஆறுமுன் மேசைக்கு ஓட வேண்டும். விருந்தினர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி அடுப்பருகே வியர்த்துக்கொண்டிருப்பாள். மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து வரும் ஒருத்திக்கு இது எப்படிச் சாத்தியம்?

மார்பேயா அந்தக் கணக்கை மாற்றியது. வேலையின் பெரும்பகுதி முந்தின இரவே முடிந்துவிடுகிறது. விருந்து நாளில் தட்டை ஓவனுக்குள் தள்ளும் வேலை மட்டும். சரியாக இத்தனை நிமிடத்தில் எடுத்தாக வேண்டும் என்ற பதற்றமும் இல்லை. புரூன்ஸும் எண்ணெயும் கோழியை வறண்டுபோக விடாது. சூடாகவும் சாப்பிடலாம், ஆறியும் சாப்பிடலாம். நான்கு கோழிக்கான அளவு போட்டால் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிடலாம். பாக்தாத் மாலுமிக்கு வினிகர் வாங்கித் தந்த அவகாசம் ஒரு பயணத்துக்கு. இங்கே குளிர்சாதனப் பெட்டி வந்துவிட்டதால் அந்த அவகாசம் தேவையில்லை. ஆனால் ஊறும் அந்த ஓர் இரவு, சமைப்பவருக்கு ஒரு மாலைப்பொழுதை வாங்கித் தந்தது. அவரும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

இந்தக் கோழிக்கு எதிர்பாராத ஒரு நிரந்தர வீடும் கிடைத்தது: யூதக் குடும்பங்களின் பெசாக் பண்டிகை. நம் கிறிஸ்தவ அன்பர்களுக்குப் பாஸ்கா என்ற பெயரில் தெரிந்திருக்கும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை நினைவுகூரும் நாள்கள். அப்போது புளித்த மாவுப் பண்டம் எதுவும் கூடாது, ரொட்டி கூடாது, கோழியை மைதாவில் புரட்டவும் கூடாது. இறைச்சியோடு பாலோ வெண்ணெயோ சேரக்கூடாது என்பது ஆண்டு முழுக்க உள்ள விதி. எனவே க்ரீம், வெண்ணெய் சாஸ் எல்லாம் அடிபட்டுப் போகின்றன. மார்பேயாவில் மாவும் இல்லை, பாலும் இல்லை. ஒயினும் வினிகரும் அவர்கள் விதிப்படி செய்ததாக இருந்தால் போதும்.

அதைவிட முக்கியம், பெசாக் முதல் இரவு விருந்தின் ஒழுங்கு. சாப்பாட்டுக்கு முன் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து விடுதலைக் கதையை வாசிக்க வேண்டும். வீட்டின் சின்னக் குழந்தை நான்கு கேள்விகள் கேட்கும்; பெரியவர்கள் பதில் சொல்வார்கள்; பாட்டு வரும். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. காத்திருந்தாலும் கெடாத கறி வேண்டும். சமைத்தவரும் மேசையில் இருந்தாக வேண்டும், அவருக்கும் அது விடுதலைக் கதைதானே. இலையுதிர் காலத்தில் வரும் அவர்களுடைய புத்தாண்டுக்கும் இதே கோழி வந்துவிடுகிறது. இனிப்போடு ஆண்டைத் தொடங்குவது அவர்கள் வழக்கம். 1492ல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியபோது அவர்களில் பலர் மொராக்கோவுக்குப் போனார்கள். அங்கே புரூன்ஸோடு கறி சமைத்தார்கள். நான் அங்கிருந்து நியூயார்க்குக்கு நேர்க்கோடு போடவில்லை. முகச்சாயலைச் சொல்கிறேன்.

‘சில்வர் பேலட்’ 1988ல் கைமாறியது. சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. ஷீலா லூகின்ஸ் 2009ல் தமது 66வது வயதில் காலமானார். கோழி இருக்கிறது. 2018ல் லண்டன் சமையற்கலைஞர் யோத்தாம் ஓட்டோலெங்கி தம் புத்தகத்தில் புரூன்ஸை எடுத்துவிட்டுப் பேரீச்சையைப் போட்டார். பேரீச்சை சிக்பாஜின் பழம். ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே வந்துவிட்டது.

நம் ஊர்க் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ‘ஈடுபடும் ஆண்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த வேலைகளைத் தொடாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. நான்கில் மூன்று பேர் தொடுவதில்லை என்கிறது அதே கணக்கெடுப்பு. நம் பிளாக்குகளில் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கதவைத் தட்டினால், யார் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், யார் சாதம் போட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, நான்கு பேர் உள்ள வீட்டுக்கான கணக்கு.

ஒரு கிலோ கோழி, கால் துண்டுகளாக இருந்தால் நல்லது. கடையில் தோலை உரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்காமலே உரித்துவிடுவார்கள். சர்க்கரை பிடித்துப் பழுப்பதே தோலின் மேல்தான். எட்டுப் பத்துப் புரூன்ஸ், இல்லையென்றால் கொட்டை எடுத்த பேரீச்சை ஆறு. ஆலிவும் கேப்பரும் போத்தலில் கிடைக்கின்றன, தலா இரண்டு மேசைக்கரண்டி. கேப்பர் கிடைக்காவிட்டால் கூடுதலாக ஆலிவ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஐந்தாறு பல் பூண்டு. ஓரிகானோவுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பீட்சாவோடு வந்து சமையலறை டப்பாவில் சேர்ந்து கிடக்கும் பொட்டலங்களுக்கு இதோ விமோசனம். நம் பிரியாணி இலை வேறு மரத்தின் இலை, மணமும் வேறு, ஒன்று போதும். உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், ஆலிவிலும் கேப்பரிலும் ஏற்கெனவே இருக்கிறது.

பிசறி, மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு. மேல்தட்டில் வைத்தால் பச்சைக் கோழியின் நீர் கீழே உள்ள பால், பழத்தில் சொட்டும். மேடையில் வெளியே வைத்து ஊறவிடுவது நம் ஊர் வெக்கையில் கூடவே கூடாது.

சர்க்கரையை மட்டும் ஊறும்போது சேர்க்காதீர்கள். ஓவனில் வைக்கும் நேரத்தில் மேலே தூவுவதுதான் முறை. மூல அளவுப்படி கால் கப் வரும். எனக்கு அது அதிகம், இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை போதும். ஒயின் வேண்டாதவர்கள் கால் கப் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகரும் கொஞ்சம் திராட்சைச் சாறும் கலந்து ஊற்றலாம். 180 டிகிரி, 50 முதல் 60 நிமிடம். கன்வெக்‌ஷன் உள்ள மைக்ரோவேவிலும் ஆகும். எலும்போரம் குத்திப் பார்த்தால் வரும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 74 டிகிரி. சைவர்கள் இதே சாற்றில் காலிஃபிளவரையும் சுண்டல் கடலையையும் ஊறவைக்கலாம். அதற்கு இரண்டு மணி நேரம் போதும், ஓவனில் பாதி நேரம்.

கடைசியாக ஒன்று. முந்தின இரவு செய்ய வேண்டியது பூண்டு உரிப்பது, அளந்து ஊற்றுவது, பிசறி மூடுவது. பதினைந்து நிமிட வேலை. பதம் பார்க்கத் தெரிய வேண்டியதில்லை, தாளிக்கத் தெரிய வேண்டியதில்லை, அடுப்பே தேவையில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் செய்யலாம்; அவன் அப்பாவும் செய்யலாம். தட்டில் தங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். மறுநாள் காலை ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட அதைவிட நல்லது ஒன்றும் இல்லை.